பிப்ரவரிக் காவிரி

காவிரியில் வருஷத்துக்கு ஓடும் தண்ணீர் 740 டி.எம்.சி. என்று நடுவர் மன்றம் கணக்குப் போட்டது. அந்த மன்றத்தின் முன்னால் நின்று தமிழ்நாடு கேட்டது 562. கர்நாடகம் கேட்டது 465. காரைக்காலை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வந்த புதுச்சேரி 9.3. கேரளம் 99.8, முழுசாக நூறு என்றால் பேராசை என்று பேர் வந்துவிடுமே என்று 0.2ஐத் தியாகம் செய்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் 1136.1. ஆற்றில் இருப்பதைவிடச் சுமார் 396 அதிகம். மேட்டூர் அணையை நான்கு தடவை ரொப்பி, மிச்சமும் பிடிக்கலாம். அவ்வளவு தண்ணீரும் வக்கீல்களின் வாயில் மட்டுமே ஓடியது.

டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. இந்த விளக்கம் சென்னைக்காரர்களுக்காக. தஞ்சாவூரிலும் மண்டியாவிலும் வாய்ப்பாடு தெரியாத பிள்ளைக்குக்கூட டி.எம்.சி. தெரியும்.

வழக்கின் பூர்வகதை புராணத்தில் தொடங்குகிறது. அகத்தியர் முழு ஆற்றையும் கமண்டலத்தில் அடைத்துக்கொண்டு குடகில் உட்கார்ந்திருந்தார். கீழ்மடைக்காரர்களிடம் முன் அனுமதி வாங்கியதாகத் தகவல் இல்லை. விநாயகர் காக்கையாக வந்து கமண்டலத்தைத் தட்டிவிட்டார். மனு இல்லை, வாய்தா இல்லை, மேல்முறையீடு இல்லை. கேட்ட நிமிஷமே தண்ணீர் கீழே வந்தது காவிரி சரித்திரத்தில் அந்த ஒரு தடவைதான்.

அடுத்தது 1700 வாக்கில். மைசூரில் சிக்க தேவராஜ உடையார் காவிரிக்குக் குறுக்கே ஓர் அணை கட்டிவிட்டார். மதுரையில் ராணி மங்கம்மாள், தஞ்சாவூரில் மராட்டிய மன்னர் சாஹஜி. இந்த இருவரும் சற்று முன்வரை ஒருவர் ஊரை ஒருவர் கொளுத்திக்கொண்டிருந்தவர்கள். வயல் காய்ந்ததும் சட்டென்று பங்காளிகள் ஆகிவிட்டார்கள். அணையை உடைக்க இரண்டு படையும் சேர்ந்து கிளம்பியது. படை போய்ச் சேருவதற்குள் மைசூர்ப் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளத்தில் அணையே போய்விட்டது. உடைக்கப் போன இடத்தில் உடைக்க ஒன்றுமில்லாமல் ராஜதந்திரம் சுபமாக முடிந்தது. மழைதான் இந்த வழக்கின் முதல் நீதிபதி. அதன் தீர்ப்புகளைத்தான் இரண்டு பக்கமும் இன்றுவரை முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்கின்றன.

பிறகு வெள்ளைக்காரன். 1831 முதல் ஐம்பது வருஷம் மைசூரை ஆண்டவனும் அவன், சென்னை ராஜதானியை ஆண்டவனும் அவன். தனக்குத் தானே நோட்டீஸ் விட்டுக்கொள்ள முடியாதே, அதனால் சண்டை இல்லை. 1881இல் மைசூரை உடையார்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் ஏரி, குளம் என்று செப்பனிடக் கிளம்பியதும் சென்னைக்கு வயிற்றைக் கலக்கியது. 1890இல் பேச்சுவார்த்தை. தண்ணீர்ப் பற்றாக்குறையைப் பற்றிப் பேச துரைமார் தேர்ந்தெடுத்த இடம் ஊட்டி.

இரண்டு வருஷம் கழித்து, 1892 பிப்ரவரி 18 அன்று, ஒப்பந்தம் ஆயிற்று. அப்போது மைசூரின் திவான் சேஷாத்ரி ஐயர், பாலக்காட்டுக்காரர். ஒப்பந்தத்தின் சாரம் இதுதான்: மைசூர் எல்லைக்குள் குறிப்பிட்ட ஆறுகளில் புதிதாக அணையோ பாசன வேலையோ செய்வதென்றால் சென்னையைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ஏற்கெனவே அனுபவித்துவரும் பாத்தியதை கெடும் என்றால் சென்னை மறுக்கலாம். சென்னை புதிதாக ஏதாவது கட்டினால் மைசூரைக் கேட்க வேண்டுமா? அந்தப் பத்தி வருவதற்குள் மை தீர்ந்துபோயிருக்கும். நம் பக்கத்து நியாயத்தை மேடையில் முழங்கும்போது இந்த இடத்தில் மட்டும் நமக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது. கர்நாடகக்காரர்கள் நூறு வருஷமாகச் சளைக்காமல் ஞாபகப்படுத்துவதும் இந்த இடத்தைத்தான்.

இப்போது கதாநாயகன் நுழைகிறார். தலைப்பாகை, கோட்டு, எம். விசுவேசுவரய்யா. 1909இல் மைசூருக்குத் தலைமைப் பொறியாளர் ஆனவர், கண்ணம்பாடியில் 41.5 டி.எம்.சி. கொள்ளும் அணைக்குத் திட்டம் போட்டார். சென்னை, கூடாது என்றது. காரணம், சென்னையிடமும் மேட்டூரில் அதைப்போல் இரண்டு பங்கு பெரிய அணைக்குத் திட்டம் இருந்தது. பஞ்சாயத்து இந்திய அரசிடம் போனது. அது வழக்கமான சர்க்கார் ஞானத்தோடு, 11 டி.எம்.சி.க்குக் கட்டிக்கொள்ளுங்கள் என்றது. மைசூர் பணிவாகத் தலையாட்டிவிட்டு 1911இல் அஸ்திவாரம் போட்டது, 41.5 டி.எம்.சி.க்கு!

தரைத்தளத்துக்குப் பிளான் அப்ரூவல் வாங்கி நாலு மாடிக்குப் பில்லர் போடுவதை நம்மூர்ப் புறநகர் பில்டர்கள் கண்டுபிடித்ததாக நினைத்திருந்தோம். இல்லை, அந்தக் காப்புரிமை மைசூர் சமஸ்தானத்துடையது. அணை 11ஓடு நிற்கப்போகிறது என்றால் அடியில் எதற்கு இத்தனை அகலம் என்று சென்னை கேட்டது. மைசூரிடம் பதில் இருந்ததா என்பதைவிட, மைசூரிடம் அஸ்திவாரம் இருந்தது என்பதுதான் விஷயம். பின்னால் வந்த எத்தனையோ அணைச் சண்டைகளில் இரண்டு பக்கத்துப் பொறியாளர்களும் மனப்பாடம் செய்துகொண்ட பாடம் அது. வாதம் கோர்ட்டில் நடக்கட்டும், வேலை களத்தில் நடக்கட்டும்.

அஸ்திவாரம் தோண்டும்போது இன்னொரு கூத்து. மண்ணுக்கடியிலிருந்து பாரசீக மொழிக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. இதே இடத்தில் அணை கட்ட திப்பு சுல்தான் அடிக்கல் நாட்டியதாகச் சொல்லும் கல்வெட்டு. மைசூருக்கு இதைவிடத் தோதான சாட்சி வேண்டுமா? திப்புவும் சென்னையின் முன் அனுமதியை வாங்கவில்லை என்பது நிச்சயம். அவருக்கும் சென்னைக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தெல்லாம் பெரும்பாலும் பீரங்கி வழியாகத்தான். கல்வெட்டை இன்றும் அணைக்கட்டு வாசலில் பார்க்கலாம்.

1913 ஜூலையில் ஜஸ்டிஸ் ஹெச்.டி. கிரிஃபின் நடுவராக உட்கார்ந்து, 1914 மே 12 அன்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பத்தே மாதம். பின்னாளில் வந்த யாரும் இந்தச் சாதனையைத் தொந்தரவு செய்யவில்லை. தீர்ப்பு மைசூருக்கு அனுகூலம். 1916இல் இந்திய அரசும் சரி என்றது. சென்னை விடுமா? லண்டனுக்கு முறையீடு போனது. உலகப் போரின் மும்முரத்தில் இந்தியாவுக்கான மந்திரியின் மேஜையில் கண்ணம்பாடி மதகுகளும் ஒரு ஓரமாகக் கிடந்தன. 1919இல் அவர் தீர்ப்பைத் தூக்கிக் கிடப்பில் போட்டார். மறுபடி முதலிலிருந்து. வழக்கும் நடந்தது, அணையும் உயர்ந்தது. இரண்டில் அணைதான் வேகம்.

கடைசியில் 1924இல் சமாதானம். மைசூருக்காகக் கையெழுத்துப் போட்ட திவான் ஏ.ஆர். பானர்ஜி வங்காளி. சென்னைக்காகப் போட்டவர் ஹாக்கின்ஸ் துரை. கன்னடரும் இல்லை, தமிழரும் இல்லை. அதனால்தான் கையெழுத்து விழுந்தது என்று சந்தேகப்படுகிறேன். மைசூருக்குக் கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜசாகர், 44.8 டி.எம்.சி. சென்னைக்கு மேட்டூர், 93.5 டி.எம்.சி. பத்து வருஷம் கழித்து மேட்டூர் கட்டி முடிந்ததும் அணைக்குக் கவர்னர் ஸ்டான்லியின் பெயரை வைத்தார்கள். மூழ்கியது நம் ஊர்கள், மிதந்தது துரை பெயர். பண்ணவாடிப் பக்கம் தண்ணீர் வற்றினால் பழைய கோயிலின் நந்தியும் மாதாகோயில் கோபுரமும் தலையை நீட்டும். அந்த நந்தி எட்டிப் பார்த்தால் டெல்டாவில் வங்கிக் கடன் தவணை தப்பப்போகிறது என்று அர்த்தம்.

1924 ஒப்பந்தத்தின் தேதியைப் பாருங்கள்: பிப்ரவரி 18. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒப்பந்தத்தின் அதே தேதி. தற்செயல் என்று தள்ளிவிடலாம். ஆனால் நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு வந்தது 2007 பிப்ரவரி 5. அது மத்திய அரசிதழில் ஏறியது 2013 பிப்ரவரி. உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தி எழுதியது 2018 பிப்ரவரி 16. கிரிஃபினும் 1991இன் இடைக்காலத் தீர்ப்பும் விதிவிலக்கு. இரண்டும் என்ன பாடுபட்டன என்பதையும் பார்க்கிறோம்.

இதில் ஜாதகம் ஒன்றும் இல்லை. மேட்டூரை ஜூன் 12 அன்று குறுவைக்குத் திறப்பார்கள், ஜனவரி 28 அன்று மூடுவார்கள். பிப்ரவரியில் பொங்கல் முடிந்து, சம்பா அறுத்து, வைக்கோல் போர் ஏறியிருக்கும். வருஷத்திலேயே காவிரித் தண்ணீருக்காக யாரும் யார் சட்டையையும் பிடிக்காத மாதம் அது ஒன்றுதான். பங்கு பிரிக்க அதைவிடத் தோதான மாதம் ஏது? அப்படிப் பிரித்ததும் எதை? நல்ல மழை பெய்யும் வருஷத்துத் தண்ணீரை. ஜூனில் இத்தனை, ஜூலையில் இத்தனை என்று மாதவாரியாகப் பட்டியல் போட்டிருப்பார்கள். நல்ல மழை பெய்தால் அந்தப் பட்டியலே வேண்டாம், கர்நாடக அணைகள் தாங்காமல் தாமே திறந்துவிடும். பெய்யாத வருஷத்துக்கு என்ன வழி என்று பக்கத்தைப் புரட்டினால், பற்றாக்குறையை விகிதப்படி பகிர்ந்துகொள்ளவும் என்று ஒரு வாக்கியம். ஆகஸ்டில் வெடித்த வயலில் நின்று அந்த வாக்கியத்தை வாசித்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகக் கடக்கலாம், நம் அரசாங்கங்களும் அப்படித்தான் கடந்தன. 1956இல் மாநிலங்களை மொழிவாரியாக வெட்டி ஒட்டினார்கள். தலைக்காவிரியோடு குடகு மைசூருக்குப் போனது. வயநாடு கேரளத்துக்குப் போனதால், கபினி பிறக்கும் வீட்டுக்காரர் என்ற உரிமையில் கேரளமும் வந்து திண்ணையில் உட்கார்ந்தது. கர்நாடகம் கபினி, ஹேமாவதி, ஹாரங்கி என்று கண்ணம்பாடிப் பாடத்தை மறக்காமல் கட்டிக்கொண்டே போனது. 1971இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று பிரதமர் இந்திரா காந்தி சொல்ல, 1972இல் வாபஸ் வாங்கியது. 1924 ஒப்பந்தத்தில் ஐம்பது வருஷம் கழித்துச் சில ஷரத்துகளை மறுபரிசீலனை செய்யலாம் என்று இருந்தது. 1974 வந்தது. ஒப்பந்தமே காலாவதி என்றது கர்நாடகம். ஒப்பந்தம் நிரந்தரம், ஓரிரு ஷரத்துதான் பேசவேண்டியது என்றது தமிழ்நாடு. 1968 முதல் 1990 வரை அமைச்சர் மட்டத்தில் 26 தடவை பேசினார்கள். 1976இல் ஒரு தடவை உடன்பாடே வந்துவிட்டதாக ஜகஜீவன் ராம் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். தமிழ்நாட்டில் அப்போது ஜனாதிபதி ஆட்சி. சண்டை போட ஆள் இல்லாததால் வந்த உடன்பாடு. ஆள் வந்ததும் போய்விட்டது.

கடைசியில் வேலையைச் செய்தது அரசாங்கம் இல்லை. தஞ்சாவூர் விவசாயிகள் சங்கம் 1983இல் போட்ட மனுவின்மேல்தான் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, 1990 ஜூன் 2 அன்று நடுவர் மன்றம் பிறந்தது. மறுவருஷம் இடைக்காலத் தீர்ப்பு: கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 205 டி.எம்.சி. விடவேண்டும், அதுவும் வாரக் கணக்கில். கர்நாடக முதலமைச்சர் பங்காரப்பா அதைச் செல்லாக்காசாக்க ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தார். சொந்த வழக்கில் தானே நீதிபதியாக முடியாது என்று உச்ச நீதிமன்றம் சட்டத்தைச் செல்லாக்காசாக்கியது. அந்த டிசம்பரில் பெங்களூரில் தமிழர்களுக்கு நேர்ந்ததை இந்தக் கட்டுரையின் தொனியில் எழுத எனக்குக் கை வரவில்லை. தாண்டிப் போகிறேன்.

சட்டம் ஓய்ந்த இடத்தில் காடு புகுந்தது. 2000 ஜூலை 30 அன்று வீரப்பன், கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்தினார். கோரிக்கைப் பட்டியலில் காவிரி நீரும் இருந்தது. பிறந்த ஊர்க் கணக்கைப் பாருங்கள். வீரப்பன் பிறந்த கோபிநத்தம் கர்நாடகத்தில் இருக்கிறது. ராஜ்குமார் பிறந்த காஜனூர் தமிழ்நாட்டில், தாளவாடிப் பக்கம் இருக்கிறது; கடத்தப்பட்டதும் அங்கேயிருந்த பண்ணை வீட்டிலிருந்துதான். ஆக, கர்நாடக மண்ணில் பிறந்தவர் தமிழ்நாட்டு மண்ணில் பிறந்தவரைக் கடத்தி, கர்நாடகம் தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடவேண்டும் என்று கேட்டார். 1956இல் எல்லைக்கோடு போட்டவர்கள் இதைக் கேள்விப்பட்டிருந்தால் பென்சிலைக் கீழே வைத்திருப்பார்கள்.

அதே பட்டியலில் பெங்களூரில் திருவள்ளுவர் சிலையைத் திறக்க வேண்டும் என்றும் இருந்தது. 1991இல் அல்சூர் ஏரிக்கரைக்கு வந்த வள்ளுவர், திறக்க விடமாட்டோம் என்ற எதிர்ப்பில் மூடியபடியே நின்றுகொண்டிருந்தார். கடவுளுக்கு அடுத்த அதிகாரத்தை மழைக்குக் கொடுத்த மனிதருக்குப் பதினெட்டு வருஷம் மழை மேலே படாமல் பார்த்துக்கொண்டார்கள். 2009 ஆகஸ்டில் அவர் பெங்களூரில் திறந்துகொள்ள, சில நாட்களில் கன்னடக் கவி சர்வக்ஞர் சென்னையில் எழுந்தருளினார். இரண்டு மாநிலமும் அளவு குறையாமல், தவணை தவறாமல் பரிமாறிக்கொண்ட ஒரே சரக்கு அது.

2002 இன்னும் ஒருபடி மேலே. பிரதமர் தலைவராகவும் நான்கு முதலமைச்சர்கள் உறுப்பினர்களாகவும் இருந்த காவிரி ஆணையத்தின் கூட்டத்திலிருந்து ஜெயலலிதா எழுந்து வெளியே நடந்தார். கர்நாடக முதலமைச்சர் எஸ்.எம். கிருஷ்ணாவோ பெங்களூரிலிருந்து மண்டியாவை நோக்கியே நடந்தார். உச்ச நீதிமன்றத்தின் உத்தரவைத் தாண்டி நடந்துவிட்டதால் பிறகு நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டார். தமிழ்த் திரையுலகம் அக்டோபர் 12 அன்று நெய்வேலிக்குப் போய், தண்ணீர் தராதவனுக்குக் கரண்ட் தராதே என்று முழங்கியது. பெங்களூரில் பிறந்த ரஜினிகாந்த் நெய்வேலிக்குப் போகாமல், மறுநாள் சென்னையில் தனியாக உண்ணாவிரதம் இருந்து, நதிகளை இணைக்க ஒரு கோடி ரூபாய் தருவதாகவும் அறிவித்தார். முதல்வர்கள் நடந்தார்கள், நடிகர்கள் உட்கார்ந்தார்கள், ஆறு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

2007 பிப்ரவரியில் நடுவர் மன்றம் ஒருவழியாக வாயைத் திறந்தது. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. மிச்சம் பதினான்கில் பத்து சுற்றுச்சூழலுக்கு, நான்கு தவிர்க்க முடியாமல் கடலுக்கு. மாநில எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் கர்நாடகம் அளந்துவிட வேண்டியது 192. பெங்களூருக்கான குடிநீர்க் கணக்கில் மட்டும் ஒரு விசேஷம் இருந்தது. நகரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகைக்குள் வருகிறது, ஆகவே அந்த ஒரு பங்குக்குத்தான் தண்ணீர். மற்ற இரண்டு பங்கில் குடியிருப்பவர்களுக்குத் தாகம் எடுப்பது புவியியல் விதிகளுக்கு விரோதம்.

பதினாறு வருஷம் எழுதிய தீர்ப்பு, அரசிதழில் அச்சேற இன்னும் ஆறு வருஷம் பிடித்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் பெங்களூர்வாசிகள் எல்லோருக்குமே தாகம் எடுக்கும் என்று ஏற்றுக்கொண்டு 4.75 ஒதுக்கியது. தமிழ்நாட்டுக்கு மண்ணுக்கடியிலும் தண்ணீர் இருக்கிறதே என்று இன்னொரு 10ஐக் கழித்தது. ஆக 14.75 குறைந்து, பிலிகுண்டுலு கணக்கு 177.25 ஆனது. இதைச் செயல்படுத்த ஆறு வாரத்துக்குள் ஒரு ஸ்கீம் வகுக்கச் சொன்னது. மத்திய அரசு ஆறு வாரமும் ஆழ்ந்து சிந்தித்தது. மார்ச் 29 அன்று கெடு முடிந்தது. 31 அன்று கோர்ட்டுக்குப் போய், ஸ்கீம் என்றால் என்ன என்று விளக்கம் கேட்டது. மே 12 அன்று கர்நாடகத்தில் சட்டமன்றத் தேர்தல் இருந்ததற்கும் இந்த ஞானத் தேடலுக்கும் முடிச்சுப் போட்டவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருவன்.

இங்கே தமிழ்நாட்டின் கோபம் கிரிக்கெட் மேல் திரும்பியது. இரண்டு வருஷத் தடை முடிந்து சேப்பாக்கத்துக்குத் திரும்பியிருந்த சென்னை சூப்பர் கிங்ஸ், ஏப்ரல் 10 அன்று ஓர் ஆட்டம் ஆடியது. மைதானத்துக்குள் செருப்பு வந்து விழுந்தது. மீதி ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. காவிரி பாயாத ஊரில் ஆடிய சென்னை அணி அந்த வருஷம் கோப்பையை வாங்கிவிட்டது.

தேர்தல் முடிந்ததும் ஸ்கீமுக்கு அர்த்தம் விளங்கிவிட்டது. ஜூன் 1 அன்று காவிரி மேலாண்மை ஆணையம் அரசிதழில் பிறந்தது. எந்தப் பாத்தியதைக்காக ஊட்டியிலும் லண்டனிலும் டெல்லியிலும் வாதாடினோமோ அதைக் காப்பாற்ற நிரந்தரக் காவலர் வந்தாயிற்று. அவர் நாற்காலியைத் துடைத்து உட்காருவதற்குள் குடகிலும் வயநாட்டிலும் பேய்மழை. ஜூலையிலேயே மேட்டூர் 120 அடி தொட்டது. ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து நொடிக்கு இரண்டு லட்சம் கன அடிக்குமேல் பாய்ந்து வந்தது. 177.25ஆவது ஒன்றாவது, கேட்டாலும் கேட்காவிட்டாலும் பிடித்துக்கொள் என்றது காவிரி.

பிடித்துக்கொள்ளத்தான் முடியவில்லை. ஆகஸ்ட் 22 இரவு தொடங்கி, முக்கொம்பில் ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய கொள்ளிடம் மேலணையில் ஒன்பது மதகுகள் வரிசையாகச் சரிந்து விழுந்தன. தண்ணீர் கொள்ளிடத்தின் வழியே கடலுக்கு ஓடியது. பொதுப்பணித் துறை மணல் மூட்டையும் பாறாங்கல்லும் கொட்டி அடைக்கப் போராடிக்கொண்டிருந்தபோது, நாகப்பட்டினம் பக்கத்துக் கடைமடை விவசாயிகள் தங்கள் வாய்க்காலுக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை என்று போராடினார்கள். அதற்கு மட்டும் கர்நாடகத்தின் மேல் வழக்குப் போட வழியில்லை.